கரிசல் நாட்டுச் சித்திரக்காரனும் அவன் பருவங்களும்

கலைஞன் ஒருவனுக்கு உள்ளக் கிளர்ச்சி எங்கிருந்து பிறக்கின்றது என்று வினவுவார்க்கு, வசந்த காலமும் குயிலோசையும் ஆற்றங்கரையும் பூஞ்சோலையும் என்று விடை கூறுதல் நூல் கற்றாரிடையே வழக்கமாய்விட்டது. காவிரி பாயும் நாட்டிற்கு இவ்விடை ஓரளவு பொருந்தலாம். ஆயின் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட கரிசல் பூமிக்கு இது சற்றும் பொருந்தாது. இங்கே வசந்தம் என்பது பஞ்சாங்கத்தில் மட்டும் வருவது. பங்குனி பிறந்தாற் பாளம் பாளமாய் வெடித்த நிலமும், உடைமரத்தின் ஒட்டை நிழலும், வானத்தை நோக்கிய கண்களுமே காணப்படும். அங்ஙனமாகவும், தமிழகத்து இல்லங்களின் சுவர்களை ஆண்டுதோறும் வர்ணமயமாக்கிய சித்திரங்களுட் பெரும்பாலன இந்த வறண்ட பூமியிலிருந்தே சென்றன. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதும், அச்சித்திரங்களுக்கு நாம் செய்யக் கடமைப்பட்டது யாது என்று உரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குவோம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகைகளிற் பெய்தால் பருத்தியும் மிளகாயும் கம்பும் சோளமும் உண்டு. பெய்யாவிடின் ஒன்றும் இல்லை. வானத்தை நம்பி வாழ்ந்தோர் வானம் பொய்த்தபொழுது வெயிலையே மூலதனமாகக் கொள்ளலாயினர். 1923ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவிற் பயின்று வந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர் என்பது பலரும் அறிந்த செய்தி. தீக்குச்சி உலர்வதற்கு வெயில் வேண்டும். அது இங்கே குறைவின்றிக் கிடைத்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இவ்விரண்டிற்கும் மேலே ஒட்டுவதற்கு வர்ணச் சீட்டுகள் தேவையாயின. அச்சீட்டுகளின் பொருட்டு அச்சுக்கூடங்கள் எழுந்தன. அச்சுக்கூடங்கள் எழுந்தபின் அவற்றிற்கு ஓயாது வேலை கொடுக்கக் காலண்டர்கள் வந்தன. எனவே, மழையின்மையிலிருந்து தீக்குச்சியும், தீக்குச்சியிலிருந்து சீட்டும், சீட்டிலிருந்து சித்திரமும் படிப்படியாகப் பிறந்தமை தெளிவாம்.

இச்சித்திரங்களைத் தீட்டிய கைகளுள் தலைசிறந்தது சி. கொண்டையராஜுவினுடையது. 1898ஆம் ஆண்டிற் பிறந்த இப்பெரியார், 1850இல் நிறுவப்பெற்ற சென்னைச் சித்திரக் கலாசாலையிற் பயின்றவர். கற்ற வித்தையைக் கொண்டு நகரத்தில் உத்தியோகம் தேடாது, திருவண்ணாமலையில் ரமணரது ஆசிரமத்திற் சில காலம் தங்கினார். பின்னர் நாடகக் குழுவொன்றிற் சேர்ந்து திரைச்சீலைகள் தீட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றினார். 1940களின் தொடக்கத்திற் கோவில்பட்டியை அடைந்து, 1976ஆம் ஆண்டில் மறையுமளவும் அவ்வூரையே தம் இருப்பிடமாகக் கொண்டார். இல்லறம் மேற்கொள்ளாத அவருக்கு மாணாக்கரே சுற்றம். டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலியோர் அவரிடம் பயின்று பெயர் பெற்றனர். அவர்தம் படங்கள் சிலவற்றின் மூலையில் ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் அருகருகே எழுதப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். தம் மாணாக்கன் பெயரைத் தம் பெயரோடு ஒருவரிசையில் வைக்கும் உள்ளம் எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதன்று.

இக்காலத்துக் கலை விமரிசகர்கள் ‘கலப்பு ஊடகம்’ என்றொரு சொல்லை வழங்குகின்றனர். வர்ணம் ஒன்றையே நம்பியிராது, துணி, காகிதம், கண்ணாடி, புகைப்படம் முதலிய பல பொருள்களை ஒருங்கே ஆண்டு ஒரு படைப்பை ஆக்குதல் என்பது அதன் பொருள். 1912இல் பிக்காஸோ தம் சித்திரத்தில் மெழுகுச்சீலைத் துண்டொன்றை ஒட்டியது ஐரோப்பாவிற் பெரும் புதுமையாய்ப் பேசப்பட்டது. நம் தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்களோ அதற்கு நெடுங்காலம் முன்னரே பலகையிற் சீலை ஒட்டி, சுண்ணத்தால் மேடெழுப்பி, பொற்றகடும் கண்ணாடிக் கல்லும் பதித்து இறைவடிவங்களை ஆக்கினர். அவர்கள் அதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. அதுவே தொழில் என்றிருந்தனர்.

கோவில்பட்டிச் சித்திரக்காரர்களும் இம்மரபினரே. நாடகத் திரையில் அரண்மனைத் தூண்களையும் நந்தவனத்தையும் தீட்டிய கை, புகைப்பட நிலையத்தின் பின்திரையையும் தீட்டியது. கருப்பு வெள்ளைப் புகைப்படத்தின் கன்னத்திற்குச் செம்மையும் சேலைக்குச் சரிகையும் ஏற்றியது. பிறகு காலண்டருக்குரிய தெய்வ வடிவத்தை வரைந்தது. ஒன்றிற் பெற்ற அநுபவம் மற்றொன்றிற் புகுந்தது. முருகன் நிற்கும் படத்தின் பின்னே தூரத்து மலையும் மேகமும் நாடகத் திரையின் சாயலைப் பெற்றன. தேவியின் முகமோ புகைப்படத்திற்கு அமர்ந்த ஒரு பெண்ணின் முகம்போல நம்மை நேரே நோக்குவதாயிற்று. அப்படம் சிவகாசியை அடைந்தபின்னும் வேலை முடிந்துவிடவில்லை. கல்லச்சு முறையில் ஒவ்வொரு வர்ணத்திற்கும் ஒரு கல் வேண்டும். மூலச்சித்திரத்தைப் புள்ளி புள்ளியாய்ப் பிரித்து அக்கற்களில் எழுதுவதற்குத் தனித்திறன் வாய்ந்த வேறொருவர் வேண்டும். இறுதியில் அதை விலைகொடுத்து வாங்கிய இல்லத்தரசி தன் கையாற் பட்டுத்துண்டு ஒட்டி, ஜிகினா தூவி, மணி கோத்துச் சட்டமிட்டபொழுதுதான் அது நிறைவெய்தியது. இத்தனை கைகளும் பொருள்களும் கலந்த படைப்பைக் கலப்பு ஊடகம் என்னாது வேறு யாதென்பது?

இனி, இக்கலைஞரின் பருவங்களைக் கூறுவோம். அச்சுத்தொழிலுக்குப் புத்தாண்டு ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளிற் பிறக்கின்றது. அன்றுதான் அடுத்த ஆண்டிற்குரிய காலண்டர் மாதிரிகள் தொகுத்து வெளியிடப்பெறும். வணிகர்கள் அவற்றைப் பார்த்துத் தமக்கு வேண்டிய படத்தைத் தேர்வர். ஆகவே, உலகம் தைப்பொங்கல் கொண்டாடும்பொழுதே சித்திரக்காரன் அதற்கடுத்த ஆண்டின் லக்ஷ்மியை நினைக்கத் தொடங்கவேண்டும். விருதுநகரிற் பங்குனிப் பொங்கலும், இருக்கன்குடியில் ஆடிக் கடைவெள்ளியும் திரள் திரளாய் மக்களைக் கூட்டும். மக்கள் எத்தெய்வத்தின் எவ்வடிவை விரும்புகின்றனர், குழந்தைகள் எவ்வர்ணத்தைக் கண்டு நிற்கின்றனர் என்பதை அக்கூட்டங்களிலன்றி அவன் வேறெங்கே கற்பான்? ஆடி கழிந்தாற் பொறிகள் இரவும் பகலும் ஓடும். ஐப்பசி மழை வந்துவிட்டாற் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும். விரிந்தால் ஒரு வர்ணத்தின்மேல் மற்றொரு வர்ணம் பொருந்தாது, தேவிக்கு இரண்டு உதடு தோன்றும். மழையை எதிர்நோக்கி விதைக்கும் உழவனைப்போல, மழைக்கு முந்த விரைந்தான் அச்சுக்காரன். மார்கழியிற் காலண்டர்கள் ஊர்தோறும் சென்றுவிடும். இவ்வாறு கரிசல் நாட்டுக் கலைஞன் பருவங்களைப் பார்த்து ரசித்தவனல்லன். பருவங்களோடு போட்டியிட்டு உழைத்தவன். உள்ளக் கிளர்ச்சி வரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. அது குறித்த தேதியில் வந்தே தீரவேண்டியிருந்தது, வந்தும் தீர்ந்தது.

இதனைக் கேட்கும் கற்றோர் சிலர் முகஞ்சுளிப்பர். “இது வியாபாரம்; கலையன்று” என்பது அவர்களது முதல் ஆக்ஷேபம். காசு பெற்று ஆக்கியது கலையாகாது என்னில், மன்னர் மானியம் பெற்றுச் சமைத்த கோயிற் சிற்பங்களையும் நாம் கைவிடவேண்டியதே. பொருள் பெற்றானா என்பதன்று வினா. பெற்ற பொருளுக்கு மேற்பட்ட ஏதேனும் தந்தானா என்பதே வினா. “இவை ரவிவர்மாவின் படங்களைப் பார்த்து எழுதியவை” என்பது இரண்டாவது. 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவிய ரவிவர்மாவுக்கு இவர்கள் கடன்பட்டவரே, அதை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் அவர் படங்களிற் காணும் நிழல் செறிந்த அறைகளும் எண்ணெய் வர்ணத்தின் கனமும் இங்கில்லை. இங்குள்ளது மேடையின் வெளிச்சம், திருவிழாவின் பளபளப்பு, கூலிவேலை செய்து வீடு திரும்புவோன் இருண்ட குடிசையில் அகல்விளக்கொளியிலும் கண்டு கும்பிடத்தக்க தெளிவு. பணம் படைத்தோர் மாளிகைக்கு எழுதிய சித்திரத்திற்கும், மளிகைக்கடையிற் சும்மா கிடைத்த காலண்டருக்கும் இலக்கணம் ஒன்றாயிருத்தல் இயலாது. அவ்வேற்றுமையை உணராது ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளப்பது ரசனைக் குறைவேயாம்.

எனினும் இக்கலையைப் புகழ்வோர் ஒன்றை மறத்தலாகாது. கரிசல் நாட்டார் வர்ணத்தைக் காகிதத்தில் மட்டும் எழுதவில்லை, வானத்திலும் எழுதுகின்றனர். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், தாமிரம் நீலத்தையும், சோடியம் மஞ்சளையும், அலுமினியம் வெண்மையையும் தரும் என்பதை நம் ரஸாயன மாணவர் புத்தகத்திற் படிக்கின்றனர். அங்குள்ளோர் கைப்பழக்கத்தில் அறிகின்றனர். 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மூச்சுக்காற்றின் நலங்கருதிப் பட்டாசிற் பேரியம் உப்புக்களைத் தடைசெய்தது. வானத்துச் சித்திரக்காரனின் பெட்டியிலிருந்து அவன் பழகிய பச்சையை எடுத்துவிட்டதற்கு ஒப்பாகும் இது. காற்று எல்லார்க்கும் பொதுவாதலின் அத்தீர்ப்பை நாம் குறைகூறோம். ஆனால், அவ்வர்ணத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறு வழி காட்டுவதும் அதே நியாயத்தின் மறுபாதி என்பதை வற்புறுத்துவோம்.

அதனினும் கொடியதொன்றுண்டு. சாத்தூரை அடுத்த அச்சங்குளம் என்னும் சிற்றூரில், 2021 பிப்ரவரி 12ஆம் நாள், பட்டாசு ஆலையொன்று வெடித்து இருபதுக்குக் குறையாத உயிர்கள் மாண்டன. தை முடிந்து மாசி பிறக்கும் தறுவாயில், அடுத்த தீபாவளி எங்கோ தொலைவில் இருந்த காலம் அது. அலங்காரச் சீட்டில் மயிலும் தாமரையும் எழுதியவனைக் கலைஞன் என்றால், அச்சீட்டினுள்ளே மருந்து நிரப்பியவரை என்னென்பது? அவர்களும் அப்படைப்பின் பங்காளிகளே. சித்திரக்காரனின் பெயர் மூலையிலாவது நின்றது. இவர்தம் பெயரோ இறந்தோர் பட்டியலில் மட்டும் அச்சேறியது. ஒரு நாட்டின் கலையைப் போற்றுவோம் என்பவர், அக்கலைக்கு உயிரை விலையாகக் கொடுக்க நேராதபடி ஆலைகளின் விதிகள் ஏட்டளவில் நில்லாது செயலிலும் நிற்கவேண்டும் என்று கேட்கக் கடமைப்பட்டவர். இவ்விரண்டையும் வேறுவேறாகக் கருதுதல் பாதி ரசனையும் பாதி அறமுமேயாகும்.

இனிச் செய்யத்தக்கது யாது? காலண்டர்ச் சித்திரத்தின் ஆயுள் ஓராண்டு. ஆண்டு முடிந்ததும் அது பாடப்புத்தகத்திற்கு அட்டையாகும், அலமாரித் தட்டில் விரிப்பாகும், பின் அடுப்பெரிக்கும். மூலச்சித்திரங்களின் கதியும் பலவிடத்து இதனின் மேம்பட்டதன்று. அச்சான பிறகு அவற்றிற்குப் பயனில்லை எனக் கருதப்பட்டமையால் கரையானுக்கும் ஈரத்திற்கும் இரையாயின. நாடகத் திரைகளோ ஏறக்குறைய முற்றும் அழிந்துவிட்டன. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் பேச்சுச் சொற்கள் மறையுமுன் அவற்றைத் திரட்டி அகராதியாக்கினார். சொற்களுக்கு அவர் செய்ததைச் சித்திரங்களுக்குச் செய்ய இன்னும் பலர் முன்வரவேண்டும்.

இப்பணிக்குக் கல்லூரியைக் காட்டிலும் ஏற்ற இடம் பிறிதில்லை. நம் மாணவருட் பலர் இப்பகுதிக் கிராமங்களினின்றும் வருபவர். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பூஜையறையிலும் பாட்டியின் மரப்பெட்டியிலும் பழைய கடையின் பரணிலும் தேடினாற் காலண்டர், தீப்பெட்டிச் சீட்டு, பட்டாசுச் சீட்டு, வர்ணமேற்றிய புகைப்படம் ஆகியன கிட்டாமற்போகா. சட்டமிட்டுக் கும்பிடுவோரிடமிருந்து அவற்றைப் பறிக்கவேண்டுவதில்லை. படமெடுத்து, எவ்வாண்டு எவ்வூரில் யார் வாங்கியது என்று குறித்துக்கொண்டாற் போதும். கிடைத்தவற்றை வெயில் படாத இடத்தில் மடிக்காது விரித்து வைக்கவேண்டும். சரித்திர மாணவர் ஆண்டைக் குறிக்கட்டும்; ரஸாயன மாணவர் மையையும் காகிதத்தையும் ஆராயட்டும்; தமிழ் மாணவர் முதிய அச்சுத்தொழிலாளரையும் பட்டாசுத் தொழிலாளரையும் கண்டு அவர் வாய்மொழியை எழுதட்டும். நூல்நிலையத்தில் ஓர் அலமாரி இதற்குப் போதும். பெரும்பொருட் செலவு வேண்டாம். பழைய மாணவர்கள், குறிப்பாக அச்சுத்தொழிலில் ஈடுபட்டோர், தம் கிடங்குகளைத் திறந்துவிட்டால் அவ்வலமாரி விரைவில் நிரம்பும்.

ஐரோப்பிய ஓவியரின் பெயரைப் பிழையின்றி உச்சரிக்கும் நம் இளைஞர், தம் இல்லத்துச் சுவரில் இருபதாண்டு தொங்கிய படத்தைத் தீட்டியவர் யார் என்று அறியாதிருத்தல் கல்விக்கு அழகன்று. அவரை அறிதலும், அவர் கைப்பட்ட தாளைக் காத்தலும், அத்தொழிலில் உழைப்போர் உயிருக்குக் காவல் கேட்டலும் ஒரே கடமையின் மூன்று கூறுகள். அடுத்த ஆடிப் பதினெட்டாம் நாள் சிவகாசியிற் புதிய மாதிரிகள் வெளிவருமுன்னர், பழையன சிலவேனும் நம் கல்லூரி அலமாரியை அடைந்திருத்தல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.