தந்தையாரின் தடுமாற்றமும் வெள்ளணு நோயும்

வட அந்தமானிலிருந்து அன்பர் ஒருவர் கேட்டெழுதியுள்ளார். அவருடைய தந்தையாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. சி.எல்.எல். என்று டாக்டர்கள் சுருக்கி வழங்கும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. மருந்து ஏதும் வேண்டா, அவ்வப்போது இரத்தத்தைச் சோதித்து வந்தால் போதும் என்றனராம். இப்போதோ பெரியவர் பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி அழைக்கிறார், ஓயாத தலைவலி, நடையும் தள்ளாடுகிறது. முதுமைதானே என்கின்றனர் அண்டை வீட்டார். நோய் மூளைக்கு ஏறிவிட்டதோ என அஞ்சுகிறார் மகன்.

இரண்டையும் சோதனையின்றி நம்பிவிட வேண்டா என்பதே நம் விடை.

இந்நோயில் நிணவணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. இரத்தம், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல் ஆகியவையே அவை பெரிதும் தங்கும் இடங்கள். மூளையையும் தண்டுவடத்தையும் அவை பற்றுவதுண்டு. ஆயினும் நோயாளர் 100 பேரில் ஒருவர் இருவரிடமே அவ்வாறு கண்டறியப்படுகிறது. முதலில் ஐயுற வேண்டியது தொற்றையே. எதிர்ப்பாற்றல் குன்றிய இவர்களிடம் காசநோய்க் கிருமியும், பூஞ்சைக் காளானும், அக்கியை உண்டாக்கும் வைரஸும் மூளையையோ அதன் உறைகளையோ தாக்கக்கூடும். தட்டணுக்கள் குறைந்திருப்பின், இடறி விழுந்த சிறு அடியாலும் மண்டையினுள் இரத்தம் கசியலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

உண்மையை அறிய மூளையைப் படமெடுப்பதோடு, முதுகுத் தண்டு நீரையும் எடுத்துச் சோதிப்பர். இங்கேதான் நம் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. "முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமற் போய்விடும்" என்னும் அச்சம் தலைமுறை தலைமுறையாக வருவது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது; ஊசி நுழைவது அதற்குக் கீழே, நீர் தேங்கிய இடத்தில். சிலருக்குப் பின்னர் சில நாள் தலைவலி இருக்கும். அது பெரும்பாலும் தானே நீங்கும். படமும் தட்டணுக் கணக்கும் பார்த்த பின்னரே டாக்டர்கள் ஊசியை எடுப்பர்.

அந்நீரில் புற்றணுக்கள் தென்பட்டாலும் வழக்கு முடிந்ததாகாது. கிருமியை எதிர்க்கச் செல்லும் கூட்டத்தோடு இவையும் வழிப்போக்கரைப் போல் உள்ளே நுழைந்திருக்கலாம்! ஆகவே கிருமி இல்லையென்று தேர்ந்த பின்னரே நோய் மூளையைப் பற்றியதாகத் தீர்ப்பளிப்பர். அப்படியே ஆயினும் கைவிட வேண்டியதில்லை. தண்டு நீரிலேயே மருந்து செலுத்தும் முறை நெடுநாளாக உண்டு. 2014-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற இப்ருடினிப் என்னும் மருந்து, வாய்வழி உட்கொண்டாலும் மூளைக்குள் ஓரளவு சென்று சேர்கிறது. சிலர் அதனால் தேறியுள்ளனர்.

சென்னை செல்லும் எண்ணம் அன்பருக்கு இருக்கிறது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தோற்றுவித்த புற்றுநோய் நிலையம் நம்மவர் பலருக்கும் பழகிய இடமே. ஆனால் தலைவலியும் தடுமாற்றமும் உள்ளவரைக் கப்பலேற்றி மூன்று நாள் கடலில் வைத்திருப்பது தகாது. முதலில் போர்ட் பிளேர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனையில் காட்டுக. காய்ச்சலோ, வலிப்போ, பார்வை இரட்டிப்போ சேர்ந்தால் அத்துணைத் தொலைவும் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அன்றே செல்க. பழைய இரத்தச் சோதனைத் தாள்கள் அனைத்தையும் தேதிவாரியாக அடுக்கி உடன் கொண்டுபோக வேண்டும். பெரியவர் உட்கொள்ளும் மாத்திரைகளையும், ஆஸ்பிரின் உட்பட, மறவாமல் எடுத்துச் செல்க.