புரதத்தை உலர்த்தாமல் பாருங்கள்

உயிரின் வேலைகள் நீருக்குள் நடக்கின்றன. ஆனால் உயிர்ப்பொருளை அகச்சிவப்பு ஒளியால் ஆராய்பவர்களில் பலர் முதலில் நீரை விரட்டிவிடுகிறார்கள். மாதிரியை உலர்த்தி, பொட்டாசியம் புரோமைடு உப்புடன் சேர்த்து அழுத்தி வில்லையாக்கி நிறமாலை எடுப்பது நெடுநாள் பழக்கம். சிறு கரிமச் சேர்மங்களுக்கு அது போதும். புரதத்தின் வடிவத்தை அறிய அந்த முறையைக் கைவிட வேண்டும். புரதம் தன் மடிப்பைக் காத்துக்கொள்ளச் சூழ்ந்திருக்கும் நீர் தேவை. உறைய வைத்து உலர்த்தும்போது பல புரதங்களில் ஆல்பா சுருள் என்ற மடிப்பு குறைந்து பீட்டா தகடு என்ற மடிப்பு கூடுவதை அகச்சிவப்பு அளவீடுகளே காட்டியுள்ளன. உலர்ந்த வில்லையிலிருந்து கணக்கிட்ட சுருள், தகடு சதவீதத்தை உயிருள்ள செல்லுக்கு எப்படிப் பொருத்துவது?

நீரை விரட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புரதத்தின் வடிவத்தைச் சொல்லும் அமைடு-1 பட்டை 1600 முதல் 1700 வரையிலான அலையெண்களில் (செ.மீ⁻¹) விழுகிறது. நீரின் வலுவான உட்கவர்வும் 1645 அருகே, சரியாக அதே இடத்தில். அதனால் நீர்க்கரைசலை 10 மைக்ரானுக்கும் குறைந்த படலமாக்கினால்தான் ஒளி ஊடுருவும்; தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட கனநீரில் அந்த உட்கவர்வு 1210 பக்கம் விலகிவிடும், 50 மைக்ரான் படலமும் தாங்கும். ஆனால் புரதத்தின் ஹைட்ரஜன்கள் சில இடங்களில் டியூட்டீரியமாக மாறி, உள்ளே புதைந்த இடங்களில் மாறாமல் நிற்பதால் நிறமாலை கலங்குகிறது. இன்று அந்தச் சுற்றுவழி கட்டாயமில்லை. ஏடிஆர் (தணிந்த முழு அகப் பிரதிபலிப்பு) முறையில் வைரப் படிகத்தின் பரப்பிலிருந்து ஒளி ஒரு மைக்ரான் அளவே கரைசலுக்குள் எட்டிப்பார்க்கிறது. 1994இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் கேஸ்கேட் லேசரோ இன்னும் தடித்த நீர்ப்படலத்தையும் துளைக்கிறது.

நீரின் பங்கைக் கழிப்பதில் பிழை நேரும் என்பார்கள். உண்மைதான், வெப்பநிலை சற்று மாறினாலே நீரின் பட்டை நகரும், தவறாகக் கழித்தால் இல்லாத வடிவம் முளைக்கும். ஆனால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, பின்னணி அளவீட்டையும் சேர்த்து வெளியிட்டால் அந்தப் பிழையை எவரும் சரிபார்க்கலாம். உலர்த்தியதால் நேர்ந்த சிதைவைப் பிறகு யாராலும் கழிக்க முடியாது. எக்ஸ்-கதிர் படிகவியலும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியும் அணு அணுவாகக் காட்டுகின்றனவே என்ற கேள்வியும் நியாயமானது. அவை பார்ப்பது படிகத்தையும் உறைந்த துளியையும். இன்சுலின் திரண்டு இழையாவதையோ அல்சைமர் நோயின் அமிலாய்டு உருவாவதையோ, அமைடு-1 பட்டை 1620 நோக்கி நகர நகர, சாயம் எதுவும் சேர்க்காமல் அதே கரைசலில் அகச்சிவப்பு ஒளியால் தொடர்ந்து பார்க்கலாம். உலர்ந்த மாதிரியை மட்டும் வைத்துப் புரத வடிவத்துக்குச் சதவீதம் சொல்லும் கட்டுரையாளர்களிடம், நீரில் எடுத்த நிறமாலையையும் ஆய்விதழ்கள் கேட்க வேண்டும்.