நான்கு சாமங்கள்

எங்காவது போர் மூண்டாலும் நிலம் நடுங்கினாலும், தமிழ் யூடியூபில் ‘இரகசிய வருகை’ பற்றிய பிரசங்கங்களுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. யார் அந்திக்கிறிஸ்து, வேதாகமம் சொல்லும் கோகு எந்த நாடு, இன்னும் எத்தனை காலம் மிச்சம் என்று அன்றாடச் செய்திகளை வைத்தே கணக்குச் சொல்கிறார்கள். விழித்திருப்பது என்றால் இதுதான் என்று நம்பும் விசுவாசிகள் ஏராளம். இந்தக் கணக்கு விழிப்பைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் சீடர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருந்தார்கள். சிலர் விளைச்சலை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டார்கள். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்த தாமி மிஷனின் தலைவர், அந்த நாளுக்குப் பிறகே முதிர்வடையும் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார், மறு ஆண்டு தவறை ஒப்புக்கொண்டார். நாள் பொய்த்ததுகூடப் பெரிதில்லை. வேலையையும் சேமிப்பையும் விட்டு இவர்கள் பின்னே போனவர்களிடம், வழிநடத்துபவரைச் சோதித்துப் பார்க்கும் புத்தி உறங்கிக் கிடந்ததுதான் பெரிய இழப்பு.

மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு விழித்திருக்கச் சொல்லும்போது, வீட்டெஜமான் வரக்கூடிய நான்கு வேளைகளைக் குறிப்பிடுகிறார்: மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் நேரம், காலை. ரோமர்கள் இரவைப் பகுத்த சாமங்கள் இவை. அடுத்து வரும் இயேசுவின் பாடுகளின் வரலாறும் இதே சாமங்களின் வழியேதான் நகர்கிறது என்பதை வேதாகம அறிஞர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மாலையில், காட்டிக்கொடுப்பவனும் அமர்ந்திருக்கும் பந்தி. இரவில், கெத்செமனேயில் தூங்கிவிழும் மூன்று சீடர்கள். சேவல் கூவும்போது, வேலைக்காரப் பெண்ணொருத்தியின் கேள்விக்குப் பயந்து மறுதலித்துவிட்ட பேதுரு. விடிந்ததும், ஆலோசனைச் சங்கம் கூடி இயேசுவைப் பிலாத்துவிடம் ஒப்படைக்கிறது. வானம் இடிந்து விழவில்லை, நட்சத்திரங்கள் உதிரவில்லை. சாப்பாடு, அசதி, குளிர்காயும் இடத்தில் நடந்த பேச்சு, ஒரு கமிட்டித் தீர்மானம் என்று எல்லாமே அன்றாட விஷயங்கள். (திருச்சபை நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம்.) பேதுரு தோற்றது அறியாமையால் அல்ல. சேவல் கூவுவதற்குள் என்ன நடக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அடையாளம் தெரிந்திருந்தும் தன் பலவீனம் அவருக்குத் தெரியவில்லை.

அத்திமரம் துளிர்ப்பதைப் பார்த்துக் காலத்தை அறியச் சொன்னவரும் இயேசுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கே தெரியாது என்று அதே அதிகாரம் சொல்கிறது. மத்தேயு சொல்லும் உவமையில், மணவாளனுக்காக விளக்கேந்திக் காத்திருந்த பத்துக் கன்னியருமே தூங்கிவிடுகிறார்கள். புத்தியுள்ள ஐவரிடம் எண்ணெய் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அதிகாரமே, பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, சிறையிலிருந்தவனைப் பார்க்கப் போனாயா என்ற விசாரணையோடுதான் முடிகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. விழிப்பு என்பது தன் பலவீனத்தை அறிவது என்று உள்ளத்தையே ஓயாமல் வேவு பார்த்தால் மனநோயில்தானே முடியும்? முடியக்கூடும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் பழைய பாவங்களைத் திரும்பத் திரும்பக் கிளறி, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் அளவுக்குப் போனவர். பின்னாளில் அவர் வகுத்த ஆன்ம சோதனை கடவுளுக்கு நன்றி சொல்வதில் தொடங்குகிறது, பாவப்பட்டியல் அதற்குப் பிறகுதான். நான்காம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைவனத் துறவிகளும் மனதில் எழும் எண்ணங்களைத் தமக்குள் பூட்டி வைக்கவில்லை, மூத்தவர் ஒருவரிடம் சொன்னார்கள். தன்னைக் கண்காணிக்க இன்னொருவர் துணை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் சபைகளில் முழு இரவு ஜெபங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் விடியவிடியக் கண்விழித்தவர், மறுநாள் காணிக்கைக் கணக்கைப் பற்றிக் கேட்டால் ‘பின்மாற்றக்காரர்’ என்று பெயர் வாங்குகிறார் என்றால், அந்தச் சபையில் தூங்குவது அவரல்ல.