வடிகால் போட்டால் வெள்ளம் போய்விடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணைப் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கப் போவதாக நம் உறவில் இரண்டு பேர், என்னிடம் படித்தவர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறீர்கள். "வெள்ளம் வருமே" என்று கேட்டால் மூவருக்கும் ஒரே பதில்: "இப்போ பெரிய வடிகால் போட்டுட்டாங்க டீச்சர்."

வடிகால் தண்ணீரைக் குடித்துவிடாது. இங்கிருந்து அங்கே தள்ளிவிடும், அவ்வளவுதான். அந்த "அங்கே" எது? தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் இடமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்தான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று மெல்லப் போய்க் கடலில் கலக்க வேண்டும். புயல் கரையோரம் நின்றால் கடல் பொங்கி நிற்கும், வரும் தண்ணீரை வாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதைத்தான் பார்த்தோம். கடல் வழிவிடும்வரை அத்தனை தண்ணீரும் எங்கே காத்திருக்கும்? சதுப்பு நிலம் இருந்தால் அங்கே. இல்லையென்றால் உங்கள் கார் நிறுத்தும் தரைத்தளத்தில்.

கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு மாத மழை ஓரிரு நாளில் கொட்டுகிறது. இந்த நேரத்தில் தண்ணீர் தங்கும் இடத்தை மூடிவிட்டுக் கோடி கோடியாய்க் கான்கிரீட் கால்வாய் வெட்டுவதை வளர்ச்சி என்கிறார்கள். அடைத்த தொட்டிக்கு எத்தனை குழாய் வைத்தால் என்ன?

1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த கழுவெளி அது. இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கு. தனியார் மட்டும் விழுங்கினார்கள் என்று தப்பிக்க முடியாது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, நடுவே அறுத்துக்கொண்டு போகும் துரைப்பாக்கம் சாலை, அரசு ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் அந்த ஈரத்தின் மேல்தான் நிற்கின்றன. 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தவுடன் கைதட்டினோம். பட்டியலில் பெயர் ஏறினால் போன நிலம் திரும்பி வருமா?

"பறவைக்காக மனுஷன் வீடு கட்டக் கூடாதா?" என்று ஒரு தம்பி போன மாதம் கேட்டிருந்தார். பூநாரை வருவது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் பேசுவது மனுஷனுக்காக, தம்பி. கூவம், அடையாற்றுக் கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று ஏழைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடிவைத்தார்கள். அதுவும் தாழ்வான பகுதி; மழை வந்தால் அங்கேயும் தண்ணீர். அவர்களைக் கேட்டு யாரும் இடம் ஒதுக்கவில்லை. உங்களுக்கு மாத்திரம் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அந்த வசதியை வைத்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை மண் அடித்து மேடாக்க லாரி வந்துகொண்டேதான் இருக்கும்.

கட்டுமானக்காரர் தரும் வண்ணப் புத்தகத்தை மூடி வையுங்கள். அந்த சர்வே எண்ணுக்குரிய பழைய 'அ' பதிவேட்டு நகல் வாங்கி, கழுவெளி, ஏரி, மேய்க்கால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன். மூன்று பேரும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்ப வேண்டும்.