லிஃப்ட் கிட் வாங்கும் முன், டயர் எங்கே உரசுதுன்னு பாருங்க



இந்த வார எபிசோடில் ஆஃப்-ரோடு வண்டிகளைப் பத்திப் பேசினப்போ, பெரிய டயர் மாட்டினா உரசுற பிரச்சினையை ரெண்டே நிமிஷத்தில் தாண்டிட்டோம். அது ரெண்டு நிமிஷத்தில் முடியிற விஷயமில்லை. ஜெர்மனியில் ஒரு பழைய ஜிம்னியை வெச்சுக்கிட்டு நானே சூடு பட்டுக் கத்துக்கிட்டது இது.

என் ஜிம்னியோட கம்பெனி டயர் அளவு 195/80 ஆர்15. நான் ஆசைப்பட்டு மாட்டினது 235/75 ஆர்15. நேரா ஓடும்போது ஒரு சத்தமும் இல்லை. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா மட்டும் 'சர்ர்'ருனு ஒரு உரசல். "லிஃப்ட் கிட் போடு, சரியாயிடும்"னு நண்பர் சொன்னார். போட்டேன். வண்டி உயர்ந்தது, உரசல் அப்படியே இருந்தது. சின்னச் சத்தம்தானேன்னு விட்டுட்டேன். அக்டோபரில் குளிர்கால டயருக்கு மாத்தக் கழட்டினப்போ பார்த்தா, உள்பக்கச் சுவரில் ரப்பர் தேய்ஞ்சு நூல் தெரியுது. அந்த டயரோடதான் குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஆட்டோபானில் போயிருக்கேன்.

லிஃப்ட் ஏன் உதவலை? ஜிம்னிக்கு முன்னாடியும் முழு ஆக்ஸில். டயர் உரசினது, அந்த ஆக்ஸிலைச் சட்டத்தோடு பிணைக்கிற கையில். ஆக்ஸிலும் கையும் சேர்ந்தேதான் ஏறி இறங்கும். பாடியை எவ்வளவு தூக்கினாலும் டயருக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மாறாது. மட்கார்டில் உரசினா லிஃப்ட் உதவும். கையில் உரசினா காசுதான் போகும்.

கணக்கு எளிது. அகலம் 40 மி.மீ. கூடினா, உள்பக்கம் 20, வெளிப்பக்கம் 20. 20 மி.மீ. ஸ்பேசர் வெச்சா உள்ளே பழைய இடைவெளி திரும்பும். ஆனா வெளியே 40 மி.மீ. நீட்டிக்கும், பேரிங்குக்குச் சுமை கூடும், மட்கார்டும் டயரை மூடாது. ஸ்டியரிங் ஸ்டாப்பரை முன்கூட்டியே நிக்க வெச்சாலும் உரசல் நிக்கும். ஆனா ஜிம்னியின் பெரிய பலமே 9.8 மீட்டர் திரும்பு வட்டம்தான். அதில் கொஞ்சம் போயிடும். இலவசமான தீர்வுன்னு எதுவும் கிடையாது.

என்னோட இன்னொரு தப்பு, "டியூஃப் பரிசோதனைக்கு அப்புறம் போய்க்கலாம்"னு தள்ளிப் போட்டது. ஆபத்து உண்டாக்கக்கூடிய மாற்றத்தை அனுமதியில்லாம செஞ்சா, வண்டியோட இயக்க அனுமதியே செல்லாமப் போயிடும்னு ஜெர்மன் வாகன அனுமதி விதிகளின் 19ஆம் பிரிவு சொல்லுது. நம்ம ஆளுங்க பலரும் இதை வெறும் காகிதத் தொல்லைன்னு திட்டுறாங்க. கடைசியா நான் போனப்போ பரிசோதகர் செஞ்சது என்ன தெரியுமா? எதிரெதிர் மூலைச் சக்கரங்களை மேடையில் ஏத்தி, சஸ்பென்ஷனை முழுசா அமுக்கி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தார். கற்குவாரியில் வண்டி படப்போற பாட்டை அங்கேயே, நின்ன இடத்தில் காட்டிட்டார். ஆரம்பத்திலேயே அவர்கிட்ட போயிருந்தா ஒரு லிஃப்ட் கிட் காசு மிச்சம்.

இந்தியாவில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னது. "மாத்தாதே"ன்னு சொல்றதை விட "மாத்து, ஆனா நிரூபிச்சுக் காட்டு"ன்னு சொல்றதுதான் ஒரு இன்ஜினியருக்கு மரியாதைன்னு எனக்குத் தோணுது.

நான் இப்போ 215/75 ஆர்15-க்கு இறங்கிட்டேன். உள்பக்கம் 10 மி.மீ.தான் கூடுது. உரசல் இல்லை. கெத்து கொஞ்சம் குறைவுதான், தூக்கம் நல்லா வருது.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். கை, மட்கார்டு ரெண்டிலயும் சாக்பீஸ் தடவி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. எங்கே அழிஞ்சிருக்கோ, வைத்தியம் அங்கேதான். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் இருக்கிற தார் வெச்சிருக்கவங்களுக்குக் கணக்கு வேற. உங்களுக்கு எங்கே அழிஞ்சதுன்னு இந்த மடலுக்கே பதில் போடுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.