மீதி வேகம் எங்கே போகும்?

'தினமும் ஸ்போர்ட்ஸ் கார்லதான் ஆபீஸ் போறேன்' என்று பெருமைப்படுகிறவரே, ஒரு சின்னக் கணக்கு. போர்ஷே 911 மணிக்கு 290 கிலோமீட்டரைத் தாண்டும். சென்னையில் கார்களுக்கு 2023-ல் வைத்த வரம்பு 60. ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்கு முழு விலை கொடுத்திருக்கிறீர்கள்!

நஷ்டம் உங்களோடு போனால் பரவாயில்லை. மீதி வேகம் சும்மா இருக்காதே! ராத்திரி ரோடு காலியானால் கால் அரிக்கும். 2024 மே மாதம் புனேயில் போர்ஷே மோதி, பைக்கில் போன இரண்டு இளம் இன்ஜினீயர்கள் செத்தார்கள். ஓட்டியது 17 வயசுப் பையன். முதலில் கிடைத்த ஜாமீனுக்கு நிபந்தனை, 300 வார்த்தையில் ஒரு கட்டுரை!

வேகம் வேணுமா? இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு அங்கே பறங்க. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடத்தியபோதுகூட, ரோட்டை மூடிவிட்டுத்தான் ஓட்டினார்கள்.

உங்களுக்காக யாரும் ரோட்டை மூடவில்லை சார். அதில் நாங்களும் போகிறோம்.