தேய்ந்த செருப்பும் முதல் நாவலும்

முதல் நாவல் எழுதுகிற இளைஞர்களுக்கு நம் மூத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. முதலில் உன் ஊரை, உன் வீட்டை எழுது. மாயம் மந்திரமெல்லாம் கை தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பல வருஷமாகப் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்து வருகிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. உள்ளதை உள்ளபடி எழுத உட்கார்ந்தாலே மாயமும் கூடவே வந்துவிடுகிற ஊர்கள் நம்முடையவை. அதை வாசலில் நிறுத்திவிட்டு எழுதினால் பாதி ஊர்தான் வரும்.

ஆனால் என் மேஜைக்கு வருகிற பிரதிகளில் வேறொரு சங்கடத்தைப் பார்க்கிறேன். நடப்புக் கதை ஓடுகிறவரை தெருவுக்குப் பேர் இருக்கும். பலசரக்குக் கடையில் பாக்கி இருக்கும். மழை பெய்தால் அது ஐப்பசியா கார்த்திகையா என்று தெரியும். மாயம் தொடங்கியதும் இதெல்லாம் காணாமல் போய்விடும். பேரில்லாத மலை, பேரில்லாத ஆறு, எங்கும் நீல வெளிச்சம். அங்கே யாருக்கும் பசிக்காது, யாரும் வேலைக்குப் போவதில்லை. கடைசியில் கதாநாயகன் கண் விழித்தால் எல்லாம் கனவு! நான் நினைப்பது இதற்கு நேர்மாறு. மாயம் நடக்கிற பக்கத்தில்தான் வரவு செலவு, தூரம், கூலி, சாதி எல்லாம் மற்றப் பக்கங்களைவிடத் துல்லியமாக இருக்கவேண்டும். அதைக் கனவென்று சொல்லித் தப்பவும் கூடாது.

நைஜீரியாவின் ஆமோஸ் டுட்டுவோலா, லாகோஸில் அரசு அலுவலகத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற கடைநிலை ஊழியர். அவருடைய 'தி பாம் ஒயின் டிரிங்கார்ட்' 1952இல் லண்டனில் வெளிவந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் நாவல் அதுதான். கள் குடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒருவன். அவனுக்குக் கள் இறக்கிக் கொடுத்தவர் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறார். அவரைத் தேடி இவன் செத்தவர்களின் ஊருக்குக் கிளம்புகிறான். யொரூபா மக்களின் வாய்மொழிக் கதைகளில் ஊறியவர் எழுதியது, மாயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே கணக்கு வந்துவிடுகிறது. தோப்பில் 5,60,000 மரங்கள். காலையில் 150 பீப்பாய் கள், சாயங்காலம் 75.

சந்தைக்கு ஓர் அழகன் வருகிறான். அவனிடம் மயங்கி ஒரு பெண் பின்னாலேயே போகிறாள். போகிற வழியில் அவன் தன் பாதம், கை, வயிறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, யாரிடம் இரவல் வாங்கினானோ அவர்களிடம் கொடுத்து வாடகையையும் தீர்க்கிறான். கடைசியில் மிஞ்சுவது வெறும் மண்டையோடு. இன்னோர் இடத்தில் கதாநாயகனும் மனைவியும் ஒரு பெரிய வெள்ளை மரத்துக்குள் நுழையும் முன் தங்கள் மரணத்தை 70 பவுண்டு 18 ஷில்லிங் 6 பென்னிக்கு விற்கிறார்கள். பயத்தை மாதம் 3 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு வட்டிக்கு விடுகிறார்கள். வெளியே வரும்போது பயம் திரும்பக் கிடைக்கிறது. மரணம் விற்றது விற்றதுதான். ஆகவே அதற்குப் பிறகு அவர்களுக்குச் சாவு கிடையாது, ஆனால் பயப்படுகிறார்கள்.

அந்த 6 பென்னியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெறுமனே 70 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது கதையாக மட்டும் நின்றிருக்கும். சில்லறை வந்ததும் பேரம் நடந்திருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். சில்லறை எண்ணியே மாசத்தை ஓட்டுகிற சம்பளக்காரர் கையில் பிறந்த கற்பனை அது. படித்த நைஜீரியர்கள் பலர் அவருடைய ஆங்கிலத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டார்கள். புத்தகம் இன்றைக்கும் நிற்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதைதான், நாவல் இல்லை. ஆனாலும் கடவுள் அதில் இறங்குகிற இடம் சென்னை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற மூலை. டிராமுக்குக் காசு கொடுப்பதா, நடந்துவிடுவதா என்று கணக்குப் போட்டபடி நிற்கிற ஒருவர் முன்னால்தான் அவர் வருகிறார். வந்தவர் அந்த மனிதர் நடத்துகிற பத்திரிகைக்கு 25 ரூபாய் ஆயுள் சந்தாவும் கட்டவேண்டியதாகிறது.

எங்கள் பக்கத்தில் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மலையேறிப் போய்க் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் உண்டு. அங்கே பட்டவராயனுக்கு நேர்த்திக்கடனாகச் செருப்பு கொடுப்பார்கள். கடையில் வாங்குகிற ரப்பர் செருப்பு இல்லை; தோலில் அடித்துத் தைத்த கனமான செருப்பு. பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் பாடப்படுகிற முத்துப்பட்டன். நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்திருக்கிறார். முத்துப்பட்டன் பிராமணன். சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை, குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுவிட்டு வா, தோல் வேலை கற்றுக்கொள் என்கிறார். பட்டன் கற்றுக்கொள்கிறான், கட்டிக்கொள்கிறான். பிறகு மாட்டைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

கோயிலில் தொங்குகிற அந்தச் செருப்புகள் மறு வருஷம் வந்து பார்த்தால் தேய்ந்திருக்கும், மண்ணும் ஒட்டியிருக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. ராத்திரியில் சாமி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறதாம். இறக்கை கிடையாது, ஒளிவட்டம் கிடையாது. அடித்தோல் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பூணூலை அறுத்தது, தோலைத் தொட்டது, அந்தத் தொழிலைச் செய்கிறவர்களை ஊர் எங்கே வைத்திருந்தது என்பது எல்லாம் அந்தத் தேய்மானத்துக்குள் இருக்கிறது. இதைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரப் பிள்ளை, வேறு கண்டத்து நாவலில் படித்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டுவந்து தாமிரபரணிக் கரையில் பறக்கவிடும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

நேராகச் சொல்ல வராத துயரத்தைச் சொல்லவும் மாயம் வேண்டியிருக்கிறது. மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோவுக்கு ஆறு வயது நடக்கையில் தகப்பனைக் கொன்றுவிட்டார்கள். பின்னாளில் டயர் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தார். 1955இல் வந்த அவருடைய முதல் நாவல் 'பெத்ரோ பாராமோ'வில் ஒரு மகன், பார்த்தே இராத தகப்பனைத் தேடி ஓர் ஊருக்குப் போகிறான். அங்கே பேசுகிறவர்கள் எல்லாருமே செத்தவர்கள். ஆனால் அந்த ஆவிகள் பேசுவது நிலத்தைப் பற்றி, அநியாயத்தைப் பற்றி. தான் அதிகமாகக் கடன்பட்டிருந்த வீட்டுப் பெண்ணையே பண்ணையார் கல்யாணம் செய்து கடனை ஒழித்த கதையும் அதில் இருக்கிறது. ஒரு நிலச்சுவான்தார் ஓர் ஊரை எப்படிக் கொன்றார் என்பதற்கு இதைவிடக் கறாரான வாக்குமூலம் எனக்குத் தெரிந்து இல்லை.

சமீபத்தில் ஒரு தம்பியின் முதல் நாவல் வந்தது. செத்துப்போன ஆச்சி, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். அருமையான தொடக்கம். ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே அவளைப் பேரில்லாத மலைக்கு அனுப்பிவிட்டார். நான் ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் எழுதி அனுப்பினேன். ஆச்சி பேர் ரேஷன் கார்டில் இருக்கிறதா, எடுத்தாயிற்றா? மாசம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்குமே, அவள் வெற்றிலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? சொத்தைப் பாகம் பிரித்த மகன்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சோறு போடுகிறார்களா?

மூன்று கேள்விக்கும் பதில் எழுதுகிறேன் அக்கா என்றார். திருத்தி அனுப்பிய பிரதியில் மலை இல்லை. ஆச்சி தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். தன் இறப்புச் சான்றிதழின் நகலைத் தானே நீட்டி, இதை ரத்து பண்ணுங்க ஐயா என்கிறாள். கிளார்க் வாங்கிப் பார்த்துவிட்டு, மனுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, திங்கட்கிழமை வாங்க என்கிறார்.